பெஞ்சும் பதிவேடும்: வண்ணாரப்பேட்டை வட்டாரத்தில் கிறித்தவப் பள்ளியின் நோக்கம் குறித்த ஓர் ஆய்வு

கேள்வியும் அதன் எல்லையும்

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என வங்கக் கடலை ஒட்டி வடக்கே நீளும் துறைமுக, ஆலைப் பகுதியில் தேவாலயம் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு பள்ளியும் இருக்கிறது. கத்தோலிக்க மறைமாவட்டமோ, துறவற சபை ஒன்றோ, தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயமோ நடத்தும் இப்பள்ளிகள் தத்தம் நோக்க வாசகத்தை நாட்குறிப்பேட்டின் முதல் பக்கங்களில் அச்சிட்டு வழங்குகின்றன. அன்பு, சேவை, ஒழுக்கம், இறையச்சம், ஏழைகள்பால் தனி அக்கறை ஆகிய சொற்கள் அவ்வாசகங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. அச்சொற்கள் போலியானவை என்று கொள்வதற்குக் காரணம் ஏதும் இல்லை. எந்தச் சூழலில், எதை விலையாகக் கொடுத்து அவை நடைமுறைக்கு வந்தன என்பதுதான் வரலாற்று நோக்கில் ஆராய வேண்டியதாக இருக்கிறது.

இக்கட்டுரை அதற்கு இரண்டு அளவுகோல்களைக் கைக்கொள்கிறது. முதலாவது, வகுப்பறையில் யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்கிறார்கள் என்பது. இரண்டாவது, சேர்க்கைப் பதிவேட்டில் யாருடைய பெயர் ஏறுகிறது, யாருடைய பெயர் ஏறாமலே போகிறது என்பது. இவ்விரண்டையும் வைத்துப் பார்க்கும்போது, மாணவர் எண்ணிக்கையையோ வருவாயையோ நற்பெயரையோ இழக்கத் துணிந்த வேளைகளில்தான் கிறித்தவப் பள்ளி தன் விழுமியத்தை மெய்ப்பித்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

கிறித்தவப் பள்ளி என்று இங்கே சுட்டப்படுவது திருச்சபை அமைப்புகள் நடத்தும், சிறுபான்மை நிறுவனம் என்ற தகுதி பெற்ற பள்ளி. புனிதர் ஒருவரின் பெயரைத் தாங்கி, தனியார் சொத்தாக நடக்கும் மெட்ரிக் பள்ளிகள் சென்னையில் பல உண்டு. பெயருக்கு இருக்கும் சந்தை மதிப்பைத் தவிர அவற்றுக்கும் இந்த ஆய்வுக்கும் தொடர்பில்லை.

நிலவும் விளக்கங்கள்

கிறித்தவக் கல்விப் பணி பற்றிய பழைய விளக்கம் நிறுவன வரலாறுகளில் காணப்படுவது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, 1715இல் புனித ஜார்ஜ் கோட்டையில் பாதிரியார் வில்லியம் ஸ்டீவன்சன் தொடங்கிய புனித மரியாள் தருமப் பள்ளி எனத் தொடங்கி, கல்வியற்ற நாட்டுக்கு மிஷனரிகள் கல்வியைக் கொண்டுவந்தார்கள் என்ற திசையில் அது செல்லும். தரம்பால் 1983இல் வெளியிட்ட நூல் இந்தக் கதையின் அடித்தளத்தை அசைத்தது. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிவைத்த கணக்கெடுப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர் என்பதையும், தமிழ்ப் பகுதிகளின் திண்ணைப் பள்ளிகளில் அன்றைய ஆவணங்கள் சூத்திரர் என்று குறித்த சாதிகளின் பிள்ளைகளே மிகுதி என்பதையும் அவர் ஆவணங்களோடு முன்வைத்தார். ஆயினும் அதே கணக்கில் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை மிகச் சொற்பம். தீண்டாமைக்கு ஆளான சாதிகளின் பிள்ளைகளுக்கு அத்திண்ணைகளில் உரிமையோடு ஏறி உட்கார இடம் இருந்தது என்று அந்த எண்களைக் கொண்டு சொல்லிவிடவும் முடியாது.

கொடுக்கல் வாங்கல் எதிர்த் திசையிலும் நிகழ்ந்திருக்கிறது. 1789இல் எழும்பூர் ஆண் அநாதைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுத்தை வரைந்து, கையால் அழித்து, மீண்டும் வரைவதைக் கண்டார். தாளும் மையும் இல்லாமலே எழுத்து படியும் அந்த வழியையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை வழக்கத்தையும் தம் காப்பகத்தில் புகுத்தி, 1797இல் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அது மதராஸ் முறை என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் பரவியது. திருச்சபைப் பள்ளி தமிழ்த் திண்ணையிடம் கற்றுக்கொண்ட செய்தி என்பதால், திருச்சபைப் பள்ளிகளின் ஆண்டு மலர்களில் இது இடம்பெற வேண்டியது அவசியம்.

காலனிய விமர்சன நோக்கில் எழுந்த விளக்கம் இரண்டாவது. ஆங்கில இலக்கியக் கல்வி ஆளப்படுவோரின் மனத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரும் கருவியாக இந்தியாவில் உருக்கொண்டதென்று கௌரி விஸ்வநாதன் 1989இல் வெளிவந்த நூலில் வாதிட்டார். மிஷன் பள்ளிகளில் பைபிளும் ஆங்கிலமும் அடுத்தடுத்த பாடவேளைகளில் நின்றதைப் பார்க்கையில் இவ்வாதத்தின் வலிமை புலப்படும். ஆனால் ஆள்வோரின் எண்ணத்தை விளக்கும் அளவுக்குப் பள்ளிக்கு வந்தவர்களின் எண்ணத்தை அது விளக்குவதில்லை. அந்த இடத்தை நிரப்பும் மூன்றாவது விளக்கம் ரூபா விஸ்வநாத் 2014இல் பறையர் பிரச்சினை குறித்து வெளியிட்ட ஆய்வு. சென்னைப் பகுதியில் மிஷனரிகள் தாமாகத் தலித் மக்களைத் தேடிச் செல்லவில்லை, தலித் மக்களே தங்கள் ஆண்டைகளுக்கு எதிரான துணையாக மிஷனரிகளைத் தேடிப் பிடித்தார்கள் என்று அந்நூல் நிறுவுகிறது. வடசென்னையின் பள்ளிகளைப் புரிந்துகொள்ள இம்மூன்றில் மூன்றாவதே மிகவும் உதவுகிறது. ஏனெனில் பள்ளியின் நோக்கம் நடத்துபவரின் மனத்தில் மட்டும் உருவாவதில்லை, பிள்ளையைக் கையில் பிடித்து வாசலில் வந்து நிற்கும் தாயின் எதிர்பார்ப்பும் அதை உருவாக்குகிறது என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

ஆர்மீனியன் தெரு, 1838

வண்ணாரப்பேட்டையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், அன்று கறுப்பர் நகரம் எனப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனின் ஆர்மீனியன் தெருவில், ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷனரி ஜான் ஆண்டர்சன் 1837 ஏப்ரல் 3ஆம் நாள் ஒரு பள்ளியைத் தொடங்கினார். கல்கத்தாவில் அலெக்சாண்டர் டஃப் 1830இல் வகுத்த திட்டமே இதற்கும் முன்மாதிரி: உயர்சாதி இளைஞர்களுக்கு ஆங்கிலத்தில் உயர்ந்த கல்வி தருவது, அக்கல்வியின் ஊடாக அவர்களைக் கிறித்தவத்துக்குக் கொண்டுவருவது, அவர்கள் வழியாகச் சமூகத்தின் கீழ்த்தட்டு வரை அது வடிந்து இறங்கும் என்று எதிர்பார்ப்பது. ஏழைகளுக்கு என்று திட்டமிடப்பட்ட பள்ளியாக அது பிறக்கவில்லை.

அடுத்த ஆண்டிலேயே பறையர் சிறுவர் சிலர் அப்பள்ளியில் இருப்பது தெரியவந்தபோது, அவர்களை வெளியேற்ற வேண்டுமென உயர்சாதிப் பெற்றோர் வற்புறுத்தினர். ஆண்டர்சன் மறுத்தார், மாணவர் பெருந்தொகையாக விலகிச் சென்றனர். ஆண்டர்சனுடன் பணியாற்றிய ஜான் பிரெயிட்வுட் 1862இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று நூல் இந்நிகழ்ச்சியை ஒரு நம்பிக்கையாளனின் உறுதி என்ற அளவில் பதிவு செய்கிறது. அதைவிடக் கூடுதலான பொருள் அதற்கு உண்டு. பள்ளி யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவர்கள் போய்விடுவார்கள் என்ற நிலையில், யாரைக் குறித்து அத்திட்டத்தில் ஒரு வரிகூட இல்லையோ அந்தச் சிறுவர்கள் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். திட்டத்துக்கும் விழுமியத்துக்கும் மோதல் வந்தபோது திட்டம் பின்வாங்கியது. கிறித்தவப் பள்ளி என்ற சொல்லுக்குச் சென்னையில் ஒரு பொருள் நிலைபெற்றது அந்த நாளில்தான் என்று சொல்வது மிகையாகாது.

ஆனால் அதே பள்ளி 1841இல் வேறொரு நெருக்கடியைச் சந்தித்தது. ராஜகோபால், வெங்கடராமையா என்னும் மாணவர்கள் திருமுழுக்குப் பெற்றதும் நகரமே கொதித்தது. நானூறு அளவில் இருந்த மாணவர் எண்ணிக்கை சில பத்துகளாகச் சரிந்தது. மறு ஆண்டின் முதல் நாளில் பச்சையப்பன் அறக்கட்டளையின் பள்ளி திறக்கப்பட்டதும், 1844இல் காசுலு லட்சுமிநரசு செட்டி இந்துக்களின் குரலாகக் கிரசென்ட் இதழைத் தொடங்கியதும், 1846இல் அரசுப் பள்ளிகளில் பைபிளைப் பாடமாக்கும் முயற்சிக்கு எதிராகச் சென்னை இந்துக்கள் திரண்டு மனுச் செய்ததும் இந்தப் பின்னணியில் விளங்கும். பிள்ளையின் மனச்சான்றின் மீது பள்ளிக்கு எவ்வளவு உரிமை உண்டு என்ற கேள்வி பெற்றோரிடமிருந்து எழுந்தது, நியாயமாகவே எழுந்தது. 1838இன் மறுப்பை மெச்சி 1841இன் கொதிப்பை வெறும் சாதி வெறி என்று தள்ளிவிடும் போக்கு திருச்சபை வரலாறுகளில் உண்டு. இக்கட்டுரை அதை ஏற்கவில்லை. பெஞ்சில் சமமாக உட்கார வைப்பது வேறு, பதின்பருவப் பிள்ளையின் நம்பிக்கையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பது வேறு.

ராயப்பரின் ஊரில்

ஆர்மீனியன் தெருவின் கதை மேலிருந்து இறங்கிய பள்ளியின் கதை. அதற்கு வடக்கே நிலைமை வேறாக இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணியை வெளுக்கும் வண்ணார்கள் குடியமர்ந்ததால் பெயர் பெற்றது வண்ணாரப்பேட்டை. அதன் கிழக்கே உள்ள ராயபுரத்தின் பெயர், புனித பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிய இராயப்பர் என்ற பெயரிலிருந்து வந்ததாகக் கொள்ளப்படுகிறது. துறைமுகம் கட்டப்படுமுன் கப்பலுக்கும் கரைக்கும் இடையே அலையைக் கிழித்து ஆளையும் சரக்கையும் ஏற்றியிறக்கிய மசூலா படகுக்காரர்கள் இங்கு வாழ்ந்தனர். மீன் பிடித்துப் பிழைத்த பேதுரு அவர்களுக்குப் பொருத்தமான காவலர். அப்படகுக்காரச் சமூகம் தன் சொந்தப் பொதுப் பணத்தில் 1829இல் கட்டியெழுப்பியதே ராயபுரம் புனித இராயப்பர் ஆலயம். வெளிநாட்டுச் சங்கத்தின் நன்கொடையை எதிர்பாராமல் உழைப்பாளிகளே எழுப்பிய ஆலயம் என்பதால், அதன் மீது யாருக்கு உரிமை என்பதில் அச்சமூகம் குருக்களோடும் ஆயர்களோடும் வாதாடத் தயங்கியதில்லை. இவ்வட்டாரத்தில் ஆலயத்தைச் சார்ந்து வளர்ந்த பள்ளிகளைப் பெற்றோர் எங்க ஸ்கூல் என்று சொல்லும்போது அதில் ஒலிப்பது இந்தப் பழைய உரிமைக் குரல்தான்.

1856இல் ராயபுரத்திலிருந்து ஆற்காடு நோக்கி ரயில் ஓடத் தொடங்கியது. பின்னர் துறைமுகமும், பிறகு எண்ணூர்ச் சாலை நெடுக ஆலைகளும் வந்தன. படகோட்டியின் பேரன் துறைமுகக் கூலியாகவும், அவன் மகன் ஆலைத் தொழிலாளியாகவும் மாறிய இந்த நிலத்தில், பள்ளியிடம் மக்கள் கேட்டது மதமும் அல்ல, இலக்கியமும் அல்ல. எழுதப் படிக்கத் தெரிந்தால் கிடைக்கும் ஒரு வேலை. இதைப் புரிந்துகொண்ட மிஷன் பணிகள் இங்கே வேரூன்றின. 1888இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்துப் பெண் மருத்துவர் மட்டில்டா மக்ஃபெயிலின் முயற்சி, பழைய வண்ணாரப்பேட்டை ஜி.ஏ. சாலையில் இன்றும் இயங்கும் ரெய்னி மருத்துவமனையாக 1914இல் நிலைகொண்டது. ஆண்டர்சன் வந்த அதே ஸ்காட்லாந்து மிஷன் மரபுதான் இதுவும். ஆனால் இடம் ஆர்மீனியன் தெருவிலிருந்து வண்ணாரப்பேட்டைக்கும், கவனம் உயர்சாதி இளைஞனிடமிருந்து பிரசவத்துக்கு வரும் கூலிக்காரப் பெண்ணுக்கும் நகர்ந்திருந்தது.

இந்த நகர்வு மிஷனரிகளின் மனமாற்றத்தால் மட்டும் நேரவில்லை. அப்போது திருவொற்றியூர் உள்ளிட்ட வடபகுதி செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்தின் பறையர் நிலை பற்றி ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891இல் எழுதிய குறிப்பும், நிலத்துக்காகவும் பள்ளிக்காகவும் அம்மக்களோடு நின்ற ஆடம் ஆண்ட்ரூ போன்ற ஸ்காட்லாந்து மிஷனரிகளின் மனுக்களும், 1893 பிப்ரவரி 1ஆம் நாளைய 68ஆம் எண் அரசாணையில் முடிந்தன. பஞ்சமர் கல்வியின் மாபெரும் சாசனம் என்று பின்னாளில் பெயர் பெற்ற அந்த ஆணை தனிப் பள்ளிகளுக்கும் சிறப்பு மானியத்துக்கும் வழிசெய்தது. வாசலில் வந்து நின்றவர்கள் பள்ளியின் நோக்கத்தையே மாற்றினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இப்பகுதியில் இல்லை.

புளித்தமாவு

ஆண்டர்சனின் பள்ளியைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்த்த வில்லியம் மில்லர் 1862இல் சென்னைக்கு வந்தார். தனி மனிதர்களை மதம் மாற்றுவது கல்வியின் முதன்மை இலக்காக இருக்க வேண்டியதில்லை, மாவைப் புளிக்கச் செய்யும் சிறிதளவு புளித்தமாவு போலக் கிறித்தவ விழுமியங்கள் சமூகம் முழுவதிலும் ஓசையின்றிப் பரவினால் போதும் என்பது அவர் வளர்த்த கொள்கை. அவருடைய திருச்சபையிலேயே பலர் இதை நழுவல் என்று கண்டித்தனர். அவர்கள் கண்டனத்தில் ஒரு நேர்மை இருந்தது, ஆனால் 1841 எழுப்பிய கேள்விக்கு மதிப்போடு பதில் சொன்னவர் மில்லர்தான். பின்னாளில் இந்திய அரசியலமைப்பின் 28(3)ஆம் பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் தன் ஒப்புதலின்றி, சிறுவராயின் காப்பாளரின் ஒப்புதலின்றி, எவரையும் சமய போதனையில் பங்கேற்கச் செய்யலாகாது என்று விதித்தபோது, மில்லர் வழிவந்த பள்ளிகளுக்கு அது புதிய சுமையாகத் தோன்றவில்லை.

கத்தோலிக்கத் தரப்பில், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28ஆம் நாள் வெளியிட்ட கிறித்தவக் கல்வி பற்றிய அறிக்கை, ஏழைகள், குடும்ப ஆதரவற்றோர், கிறித்தவ நம்பிக்கைக்கு வெளியே உள்ளோர் ஆகியோரைத் தனியே குறிப்பிட்டது. வியாசர்பாடியில் சலேசிய சபைக் குரு மந்தோவானி அதே பத்தாண்டில் கட்டியெழுப்பிய பியாட்டிட்யூட்ஸ் சேவை மையம் இத்திசையில் வடசென்னை கண்ட துணிவான முயற்சி. சலேசியர் பின்பற்றும் முன்தடுப்பு முறை, அதாவது பிள்ளை தவறிய பின் தண்டிப்பதை விடுத்து, ஆசிரியர் மைதானத்திலும் பிள்ளையோடு இருந்து அறிவாலும் இறைப்பற்றாலும் பரிவாலும் தவறும் சூழலைத் தவிர்க்கும் முறை, 1877இல் டூரின் நகரத் தெருப் பிள்ளைகளை மனத்தில் வைத்து சலேசிய சபையை நிறுவிய ஜான் போஸ்கோ எழுத்தில் வடித்தது. பிரம்பு சர்வசாதாரணமாக இருந்த வடசென்னை வகுப்பறைகளுக்கு இதன் பொருள் சிறியதன்று.

புளித்தமாவுக் கொள்கைக்கு ஒரு சிக்கலும் உண்டு. அதை நெருங்கிப் பார்க்க வேண்டியது கால அட்டவணையில். கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் ஒரு பாடவேளை, கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி என்றும் ஏனையோருக்கு நன்னெறி என்றும் பிரிக்கப்படுகிறது. பிள்ளைகளின் பேச்சில் இவை கேட்டகிசம், மாரல். மணி அடித்ததும் ஒரு பாதி புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போகிறது. மூவர் நெருக்கி உட்கார்ந்த பெஞ்சில் ஒருத்தி மட்டும் மிஞ்சுகிறாள். அதுவரை பெயரையும் மதிப்பெண்ணையும் மட்டும் அறிந்திருந்த தோழிகள் தாங்கள் வெவ்வேறு வகையினர் என்று முதன்முறையாகத் தெரிந்துகொள்வது பெரும்பாலும் அந்த மணியில்தான். சட்டப்படி இந்த ஏற்பாடு சரியானது, பிற சமயப் பிள்ளையின் மனச்சான்றைக் காப்பது. ஆனால் அன்பையும் நேர்மையையும் சேர்ந்து உட்கார்ந்து கற்க வேண்டிய ஒரே பாடவேளையில் பிள்ளைகளைப் பிரிப்பது கல்வி நோக்கில் பெரிய இழப்பு. மறைக்கல்வியை ஞாயிறு திருப்பலிக்குப் பிந்தைய வகுப்புக்கு விட்டுவிட்டு, நன்னெறியை அனைவருக்கும் பொதுவாக்குவதில் திருச்சபை இழப்பது ஏதுமில்லை.

மானியம், கட்டணம், ஆசிரியர் அறை

இன்றைய நிலைமையைத் தீர்மானிப்பது இறையியலைவிட நிதிதான். அரசு உதவிபெறும் பள்ளி, மக்கள் வழக்கில் எய்டட் ஸ்கூல், என்பது கட்டடமும் நிர்வாகமும் திருச்சபையுடையதாகவும் ஆசிரியர் ஊதியம் அரசினுடையதாகவும் அமைந்த ஏற்பாடு. 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை தொடங்கிவைத்த மானிய முறையின் தொடர்ச்சி. தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவின்படி, 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கப்படும் பள்ளிகளுக்கும் வகுப்புகளுக்கும் மானியம் கோரும் உரிமை இல்லாமல் போயிற்று. பெற்றோர் ஆங்கில வழிக்கு முண்டியடித்த காலமும் அதுவே. விளைவு, ஒரே மதிலுக்குள் இரண்டு பள்ளிகள்: பழைய கட்டடத்தில் கட்டணமில்லாத தமிழ் வழி எய்டட் பிரிவு, புதிய கட்டடத்தில் கட்டணம் வாங்கும் ஆங்கில வழி சுயநிதிப் பிரிவு.

இதனால் என்ன நேர்ந்தது என்பதை இரண்டு இடங்களில் காணலாம். ஒன்று பணியிட நிர்ணயம். ஆகஸ்ட் 1ஆம் நாளின் மாணவர் எண்ணிக்கையை வைத்தே எய்டட் பிரிவின் ஆசிரியர் பணியிடங்கள் கணக்கிடப்படுகின்றன. எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் உபரியாகிறது. ஆசிரியர் குறைந்தால் பெற்றோரின் நம்பிக்கை குறைகிறது. அதனால் அடுத்த ஆண்டு எண்ணிக்கை மேலும் குறைகிறது. மற்றொன்று ஆசிரியர் அறை. ஒரே மேசையில் டிபன் பாக்ஸைத் திறக்கும் இருவரில் ஒருவர் அரசு ஊதியம் பெறுபவர். மற்றவர் நிர்வாகம் தன் கையிலிருந்து கொடுக்கும் சிறு தொகைக்கு அதே பாடத்தை அதே மணிநேரம் நடத்தும் மேனேஜ்மென்ட் டீச்சர். பாடநூலில் உழைப்பின் மாண்பைக் கற்பிக்கும் பள்ளி தன் ஆசிரியைக்குக் கொடுக்கும் ஊதியம் பற்றி நோக்க வாசகங்கள் மௌனம் காக்கின்றன. நிர்வாகங்களின் இக்கட்டு உண்மையானது, மானியமின்றிக் கூடுதல் ஆசிரியரை நியமிக்கும் பணம் எங்கிருந்தோ வர வேண்டும். ஆயினும் சுயநிதிப் பிரிவின் வருவாயில் எவ்வளவு எய்டட் பிரிவுக்குப் போகிறது என்று பெற்றோர் முன் கணக்கு வைப்பதற்கு எந்த இக்கட்டும் இல்லை.

அரசின் பங்கும் சொல்லப்பட வேண்டும். 2020இல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவருக்கு மட்டும் என்று சட்டம் வந்தபோது, அதே தெருவில் அதே வறுமையில் வாழ்ந்து எய்டட் பள்ளியில் படித்த பெண் வெளியே நின்றாள். உயர்கல்விக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியபோதும் அப்படியே. எய்டட் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அது 2024 டிசம்பரில்தான் நீண்டது.

சாதி, சட்டம், சலுகை

1838இன் பெஞ்சு மரபாகத் தொடர்ந்ததா என்ற கேள்விக்குத் திருச்சபையின் உள்வரலாறு எளிய பதில் தருவதில்லை. அதற்கு ஐந்தாண்டு முன், 1833இல், ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாட்டைத் தடைசெய்தபோது அதை ஏற்காமல் பிரிந்தவர்கள் கிறித்தவர்களே. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை தலித் கிறித்தவரை வெளியே நிறுத்தியது. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். அரசு மறுத்ததைத் திருச்சபைப் பள்ளியாவது ஈடுசெய்யும் என்று எதிர்பார்க்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2007இல் வெளியிட்ட கல்விக் கொள்கையும் ஏழைகளுக்கும் தலித்துகளுக்கும் முன்னுரிமை தரச் சொல்கிறது. அது வழக்கமாக நின்றுவிடும் இடம் ஆசிரியர் நியமனம். சேர்க்கையில் காட்டும் தாராளத்தை நிரந்தரப் பணியிடத்தில் காட்டுவதற்கு நிர்வாகங்கள் தயங்குகின்றன என்ற தலித் கிறித்தவ இயக்கங்களின் நெடுநாள் குற்றச்சாட்டுக்கு நியமனப் பட்டியலை வெளியிடுவதைத் தவிர வேறு மறுப்பு இருக்க முடியாது.

அரசியலமைப்பின் 30(1)ஆம் பிரிவு, சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. நலிவுற்ற பிரிவினருக்கு 25 சதவீத இடங்களை ஒதுக்கச் சொல்லும் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று பிரமதி வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இருவர் அமர்வு ஒன்று அத்தீர்ப்பின் மீது ஐயம் எழுப்பி, கேள்வியைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. சிறுபான்மை உரிமை அரிதாக வென்றெடுக்கப்பட்ட ஒன்று, பெரும்பான்மைவாதம் வலுக்கும் காலத்தில் அதை விட்டுக்கொடுப்பது அறிவீனம் என்ற திருச்சபைத் தரப்பு வாதம் முற்றிலும் சரி. ஆனால் விதிவிலக்கு சொல்வதெல்லாம் அரசு கட்டாயப்படுத்தாது என்பது மட்டுமே. புதிய கட்டடத்தின் எல்.கே.ஜி. வகுப்பில் நான்கில் ஓர் இடத்தைக் காசிமேட்டு மீனவரின் பிள்ளைக்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநரின் பிள்ளைக்கும் நிர்வாகம் தானாக ஒதுக்குவதை எந்தத் தீர்ப்பும் தடுக்கவில்லை. உரிமையைக் காக்க நீதிமன்றம் செல்லும் பள்ளி அதைச் செய்து காட்டினால் அதன் வாதத்துக்கும் வலு கூடும்.

காலை எட்டு மணி

வண்ணாரப்பேட்டையில் வாழ்ந்த பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த 1920இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்க மன்றம் ஒப்புதல் அளித்தது. பசியால் பள்ளிக்கு வராத பிள்ளைகளை வரவழைக்க, பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில் அது தொடங்கியது. இந்த வட்டாரத்தின் மைந்தர் ஒருவர் காட்டிய அவ்வழி, 1956இல் காமராசர் காலத்திலும் 1982இல் எம்.ஜி.ஆர். காலத்திலும் விரிந்து, எய்டட் பள்ளிகளின் மதிய நேரத்தை மாற்றியது. 2022இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2025 ஆகஸ்ட் 26ஆம் நாள் மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்டு நகர்ப்புற எய்டட் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. தொடக்க விழாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது ஒரு கத்தோலிக்கப் பள்ளி.

காலை எட்டு மணிக்குப் பழைய கட்டடத்தின் தாழ்வாரத்தில் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் சம்மணமிட்டு உட்கார, உப்புமாவோ பொங்கலோ சாம்பாரோடு தட்டில் விழுகிறது. சுயநிதிப் பள்ளிகள் இத்திட்டத்தின் வரம்பில் இல்லை. வேறு நிறச் சீருடையில், வேன்களிலிருந்து இறங்கி அத்தாழ்வாரத்தைக் கடந்து புதிய கட்டடத்துக்கு நடக்கும் பிள்ளைகளில், வீட்டில் ஒன்றும் சாப்பிடாமல், கட்டணத்துக்காக நகையை அடகு வைத்த தாயின் பிள்ளைகளும் இருக்கக்கூடும். அரைமணி நேரத்தில் பொது வழிபாட்டு மணி அடிக்கும்; இரு பிரிவுகளும் ஒரே மைதானத்தில் நிற்பதா, தனித்தனியாக நிற்பதா என்பதைத் தலைமையாசிரியரே முடிவு செய்துகொள்ளலாம்.